சாமக்கோழியின் கணக்கு

சேவல் கூவினால் பொழுது விடியும் என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. குழந்தைகளின் படப்புத்தகத்தில் ஓட்டுக்கூரை மேல் சேவல் நிற்கும்; அதன் பின்னால் இரு மலைகளுக்கு நடுவே சூரியன் தலைகாட்டும். நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உச்சிவெயிலில் கூவும், பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் பதிலுக்குக் கூவும், தெருவில் லாரி வெளிச்சம் பட்டால் கூவும், ஊரே உறங்கும் வேளையில் காரணமே இல்லாமலும் கூவும். இவற்றை வைத்துக்கொண்டு, சேவலுக்கும் விடியலுக்கும் தொடர்பே இல்லை, அது பழங்கதை என்று தள்ளிவிடுவது இன்று எளிது. அப்படித் தள்ளுவதும் தவறு என்பதே என் வாதம். சேவலைப் பற்றி நம்மிடம் இருந்தது ஒரு நம்பிக்கை அல்ல, இரண்டு. சூரியனைக் கண்டு சேவல் கூவுகிறது, கூவல் கேட்டால் இரவு முடிந்தது என்பது ஒன்று. கூவல் கேட்டால் இன்னும் இருட்டுதான், ஆனால் எழுந்துகொள்ள வேண்டிய வேளை வந்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது கதைகளில் வாழ்ந்தது. இரண்டாவதை நம்பிக் காட்டிலும் மேட்டிலும் உழைத்தவர்கள் எழுந்தார்கள். சோதனைக்கூடத்தில் தோற்றது முதலாவதுதான்.

சேவல் குரலில் நேரம் அறியும் இந்த வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க நூல்களே சான்று. குறுந்தொகையின் 157ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், சேவல் கூவியதைக் கேட்டுத் துணுக்குற்ற ஒரு பெண்ணின் நெஞ்சைப் பாடுகிறார். காதலனைப் பிரிக்கும் வாளாக வைகறை வந்துவிட்டதே என்பது அவள் அச்சம். அந்தப் பாட்டில் சூரியன் வரவே இல்லை. சேவல் குரல் ஒன்றே அவளுக்கு நேரத்தைச் சொல்லிவிடுகிறது. பரிபாடல் திரட்டில் எஞ்சியிருக்கும் ஒரு துணுக்கு இதைவிடச் சுவையானது. எங்கள் மதுரை மறை ஓதும் குரல் கேட்டுத்தான் துயில் எழும், சேரனின் வஞ்சியையும் சோழனின் கோழியையும் போலக் கோழி கூவி எழாது என்று மதுரைக்காரர் ஒருவர் பெருமை பேசுகிறார். கோழி என்பது உறையூரின் மறுபெயர். சொல் விளையாட்டோடு சேர்த்து ஒரு குத்தலும் இருக்கிறது. குத்தலை ஒதுக்கிவிட்டு வரலாறாகப் படித்தால் கிடைக்கும் செய்தி தெளிவானது. இரண்டு தலைநகரங்கள் சேவல் குரலில் எழுந்தன. அதை நாட்டுப்புறத்தனம் என்று மூன்றாவது தலைநகரம் கருதியது. அரசர்களிடம் வேறு கருவியும் இருந்தது. முல்லைப்பாட்டின் பாசறையில், நீர் வட்டிலைப் பார்த்து நாழிகை கணக்கிட்டு மன்னனுக்கு அறிவிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நீர் வட்டிலை வைக்க இடமும், அதை இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்க ஆளும் வேண்டும். அது முடியாத வீட்டில் கூரைமேல் சேவல் போதும். தீனி போட்டால் நேரம் காட்டும், விருந்தாளி வந்தால் குழம்பாகவும் ஆகும்.

நாளுக்கு 60 நாழிகை, நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை சேர்ந்தால் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். இரவுக்கு நான்கு சாமம். இந்தக் கணக்கில் கடைசிச் சாமம்தான் உழைப்பவனுக்கு முக்கியம். கமலை இறைப்பவன் வெயில் ஏறுமுன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடிக்க வேண்டும், மாடு உச்சிவெயிலில் இழுக்காது. சந்தைக்கு வண்டி பூட்டுபவன் விடியும்போது சந்தையில் இருக்க வேண்டும். இவர்கள் யாருக்கும் சூரியன் வந்த பிறகு அறிவிக்கும் சேவலால் பயனில்லை. சூரியன் வந்தது கண் திறந்தாலே தெரியும். அவர்களுக்கு வேண்டியது விடிவதற்கு முன்னே, இருட்டில் எழுப்பும் குரல். ஆகவேதான் கிராமத்துப் பேச்சில் சாமக்கோழி என்றும் முதல் கோழி என்றும் கணக்குப் பிரித்தார்கள். சாமக்கோழி கூவினால் புரண்டு படுக்கலாம். அடுத்தடுத்து ஊர்க்கோழிகள் எல்லாம் சேர்ந்து குரல் கொடுத்தால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். இப்படிப்பட்ட கடிகாரம் அரைமணி முந்தினால் பெரிய நட்டமில்லை. பிந்தினால்தான் நாள் கெட்டது. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கருவியின் பயன் அமைகிறது. சேவலின் பிழை முந்துகிற பக்கம் சாய்ந்தது.

ஒற்றைச் சாட்சியை மட்டும் நம்பி யாரும் எழவில்லை என்பதற்கு ஆண்டாளின் திருப்பாவை நல்ல ஆவணம். மார்கழி விடியலில் உறங்கும் தோழிகளை எழுப்பும் அந்தப் பாசுரங்களை பக்தியோடு படிப்பவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று, அவற்றில் நடப்பது ஒரு வழக்கு விசாரணை என்பது. இன்னும் விடியவில்லை என்று உள்ளே படுத்திருப்பவள் சாதிக்கிறாள். விடிந்துவிட்டது என்று வாசலில் நிற்பவர்கள் சாட்சிகளை அடுக்குகிறார்கள். பறவைகள் ஒலிக்கின்றன, ஆனைச்சாத்தன் பேசுகிறது, கோயிலில் சங்கு ஊதியாயிற்று, தயிர் கடையும் ஓசை கேட்கிறது, வெள்ளி எழுந்து வியாழன் மறைந்துவிட்டது, கோழிகள் எங்கும் அழைக்கின்றன. சேவல் இந்தப் பட்டியலில் ஒரு சாட்சி மட்டுமே. வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் பாசுரத்தின் காலத்தை 731ஆம் ஆண்டு என்று கணித்தார். அதை ஏற்காதவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது அந்த ஆண்டு அல்ல, அந்த முறை. விண்மீன் பார்த்து நேரம் அறிந்தவர்களுக்குச் சேவல் எதற்கு என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் வானமே தெரியாது. விடிவெள்ளியும் ஆண்டு முழுக்க விடியலில் நிற்பதில்லை, பல மாதங்கள் அந்திவெள்ளியாக மேற்கே போய்விடும். மழை மூட்டத்திலும் சேவல் கூவியது.

இனி கதைகளுக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த தலபுராணம் இது. சுசீந்திரத்து ஈசன் குமரி அன்னையை மணக்க நள்ளிரவில் புறப்படுகிறார். முகூர்த்தம் விடியலுக்கு முன். பாணாசுரனைக் கன்னி ஒருத்திதான் கொல்ல முடியும் என்பதால் திருமணம் நடந்துவிட்டால் தேவர்கள் பாடு திண்டாட்டம். நாரதர் வழுக்கம்பாறையில் சேவலாகக் கூவுகிறார். பொழுது விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று ஈசன் திரும்பிவிடுகிறார். அகலிகை கதையை நம் ஊர்களில் வாய்வழியாகச் சொல்லும்போதும் இந்திரன் சேவலாகக் கூவுவான்; கௌதம முனிவர் ஆற்றுக்குக் கிளம்புவார், ஆற்றங்கரையில் இன்னும் நடுநிசி என்று உணர்ந்து சந்தேகத்தோடு வீடு திரும்புவார். பூதங்கள் ஒரே இரவில் கோயில் கட்டத் தொடங்கின, கோழி கூவியதும் போட்டது போட்டபடி போய்விட்டன என்ற விளக்கம் அரைகுறையாக நிற்கும் கோபுரங்கள் பலவற்றுக்கு உண்டு. இந்தக் கதைகள் எல்லாம் முதல் நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. கூவினால் இரவு முடிந்தது, அவ்வளவுதான்.

கதையில் வருவதை எல்லாம் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும், அதற்காகச் சேவலைப் பிடித்துப் போட்டிருப்பார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் கேட்பவர்களுக்கு நம்பும்படி இல்லாத திருப்பம் தலைமுறைகளைக் கடந்து வராது. ஈசனே ஏமாந்தார் என்ற கதையை ஊர் ஏற்றுக்கொண்டதென்றால், தப்பான வேளையில் கூவிய சேவலால் ஏமாந்து எழுந்த அனுபவம் அந்த ஊருக்கு இருந்திருக்க வேண்டும். அகலிகை கதையில் இன்னும் கூர்மையான ஒன்று இருக்கிறது. முனிவர் இரண்டாவது சாட்சியைத் தேடியபோதுதான் பொய் வெளிப்பட்டது. சேவல் குரல் மட்டும் போதாது என்ற எச்சரிக்கை, சேவலை நம்பும் கதைக்குள்ளேயே இருக்கிறது. நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கதைகளைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன்.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. ரோமானியர் இரவை நான்கு காவலாகப் பிரித்தனர். மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் அவற்றை மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை என்று வரிசைப்படுத்துகிறது. சேவல் கூவும் வேளையும் காலையும் அங்கே தனித்தனிக் காவல்கள். பேதுரு இயேசுவை மறுதலித்த காட்சியில் சேவல் இருமுறை கூவுவதாக மாற்கு மட்டும் சொல்கிறார், மற்ற மூவரும் ஒரு கூவலோடு நிறுத்துகிறார்கள். முதல் கூவல், இரண்டாம் கூவல் என்று எண்ணும் பழக்கம் அங்கும் இருந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். முதலாம் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, சேவல்கள் விண்மீன்களை அறிந்தவை, பகலில் மூன்று மணிக்கு ஒருமுறை கூவுபவை, இரவின் நான்காம் காவலில் மனிதரை வேலைக்கு அழைப்பவை என்று எழுதினார். விண்மீன் கதை வெறும் புகழ்ச்சி. மூன்று மணிக்கு ஒருமுறை என்பதும் சரியல்ல, எந்தச் சேவலும் அப்படி ஒழுங்காகக் கூவுவதில்லை. நான்காம் காவல் என்றது மட்டும் சரி.

அது எவ்வளவு சரி என்பது 2013இல்தான் அளந்து நிறுவப்பட்டது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முரா, யோஷிமுரா ஆகிய இருவரும் சேவல்களை ஒளியும் ஒலியும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் வைத்துச் சோதித்தார்கள். முதலில் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் மங்கலான ஒளி. விளக்கு எரிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே சேவல்கள் கூவத் தொடங்கின. வெளிச்சத்தைக் கண்டு கூவுகின்றன என்ற கருத்து அந்த இடத்திலேயே விழுந்தது, காண்பதற்கு அங்கே வெளிச்சமே இல்லை. அடுத்து நாள் முழுவதும் மாறாத மங்கல் ஒளி. பகலும் இல்லை, இரவும் இல்லை. அப்போதும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கில் கூவின. சுற்றின் நீளம் சராசரியாக 23.7 மணி. வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் வராதபோது அந்த ஒழுங்கு எங்கிருந்து வரும்? உடலுக்குள்ளே ஓடும் நாள்கடிகாரத்திலிருந்துதான். அது 24 மணிக்குச் சற்றுக் குறைவாக ஓடுவதால், தினமும் வரும் விடியல் வெளிச்சம் அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. ஆக, இன்றைய விடியலைப் பார்த்துச் சேவல் கூவுவதில்லை. நேற்று வரை பார்த்த விடியல்களைக் கொண்டு வரப்போகும் விடியலைக் கணித்துக் கூவுகிறது. வைகறை என்று இலக்கணக்காரர்கள் வகுத்த வேளையில்தான் அந்த இரண்டு மணி நேரமும் விழுகிறது. நன்முல்லையாரின் தலைவி கேட்ட கூவலுக்கும் பொழுது புலர்வதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

இந்தச் சோதனை ஒரு பழைய ஐயத்துக்கும் விடை தருகிறது. சேவல் எந்நேரமும் கூவும், விடியற்காலைக் கூவலை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம், ஆகவே தொடர்பு நம் மனத்தின் மயக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. பல நம்பிக்கைகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது அப்படித்தான். கரைந்தும் யாரும் வராத நாட்களை எவர் எண்ணினார்? ஆனால் சேவலின் கூவலை மனித நினைவு எண்ணவில்லை, கருவிகள் எண்ணின. சரி, அப்படியானால் பேருந்து நிலையத்துச் சேவல் நள்ளிரவில் கூவுவது ஏன்? அதையும் அவர்கள் சோதித்தார்கள். வெவ்வேறு வேளைகளில் ஒளியைப் பாய்ச்சினார்கள், வேறு சேவலின் குரலை ஒலிக்கவிட்டார்கள். இரண்டுமே கூவலைத் தூண்டின. ஆனால் விடியலை ஒட்டிய வேளையில்தான் அந்தத் தூண்டல் மிக வலுவாக வேலை செய்தது. உள்ளிருக்கும் கடிகாரம், வெளித்தூண்டலுக்கு எப்போது எவ்வளவு இடம் கொடுப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. விளக்குக் கம்பத்தடியில் வளரும் சேவலின் தப்புக் கூவலுக்குப் பாதிப் பொறுப்பு நாம் நட்ட விளக்குடையது. நாரதரும் இந்திரனும் செய்ததை இன்று மின்வாரியம் செய்கிறது.

பருவம் மாறினால் விடியல் நகருமே, சேவல் எப்படி ஈடுகொடுக்கும் என்பது இன்னொரு கேள்வி. தினமும் வெளிச்சம் திருத்தி வைக்கும் கடிகாரம் விடியலோடு சேர்ந்து நகரும். சென்னையில் ஆண்டின் மிக முந்திய சூரிய உதயத்துக்கும் மிகப் பிந்திய உதயத்துக்கும் இடைவெளி ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனில் அது நான்கு மணி நேரத்துக்கும் மேல். நம் நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் சேவலின் வேலை எளிது. தவிரவும் உழவனுக்கு வேண்டியது சூரியனோடு ஒட்டிய நேரம்தான், சுவர்க்கடிகாரத்தின் ஐந்து மணி அல்ல. பகலிலும் கூவுகிற சேவலின் வைகறைக் குரல் மட்டும் அவ்வளவு எடுப்பாகக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்று அடங்கி, தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் நிற்கும் அந்த வேளையில் ஒலி தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். மறைக்க வேறு சத்தமும் இல்லை.

நம்பிக்கையில் உண்மையிலேயே பொய்த்துப்போனது, சேவல் நமக்காகக் கூவுகிறது என்ற பகுதி. காட்டுக்கோழிச் சேவலும் கூவும், அங்கே எழுப்புவதற்கு எந்த மனிதரும் இல்லை. இது என் இடம், என் பெட்டைகள், கிட்டே வராதே என்று மற்றச் சேவல்களுக்குச் சொல்வதுதான் கூவல். அதே ஜப்பானியக் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. கூட்டத்தில் முதலிடம் பெற்ற சேவல்தான் ஒவ்வொரு விடியலிலும் முதலில் கூவியது. மற்றவை தத்தம் தரவரிசைப்படி பின்தொடர்ந்தன. தலைச்சேவலை அகற்றியபோது இரண்டாவது சேவல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் படிக்கையில், முதல் கோழி என்று ஊரார் தனித்து எண்ணியது ஏதோ ஒரு கோழியை அல்ல, ஊரின் வல்லமை மிக்க சேவலை என்று தோன்றுகிறது. கூவும் சேவலின் காதருகே ஒலி 130 டெசிபெலைத் தாண்டுகிறது, மனிதக் காது வலிக்கும் அளவு அது. அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துளை தானாகவே பெருமளவு மூடிக்கொள்வதால் சேவல் தன் குரலால் செவிடாவதில்லை. போட்டிக்காரனுக்கு விட்ட சவாலை நாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒட்டுக் கேட்டு நேரம் பார்த்தோம். பிறருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தாலும் அதிலுள்ள தேதி தேதிதானே.

வழக்கம் தேய்ந்ததற்குக் காரணம் சேவல் தவறியது அல்ல, நேரம் என்பதே வேறாகிப் போனதுதான். 1802இல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கணித்து மதராஸ் நேரத்துக்கு அடிப்படை இட்டார்; பின்னர் ரயில்கள் அந்த நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கென ஒரு பொது நேரம் வந்தது. ரயிலுக்கும் ஆலைக்கும் நீதிமன்றத்துக்கும் நிமிடம் வேண்டியிருந்தது, சேவலிடம் நிமிடம் இல்லை. மில் இருந்த ஊர்களில் ஆலைச் சங்கு எழுப்பியது, மற்ற ஊர்களில் நகராட்சிச் சங்கு. ஆலைச் சங்கை விளித்துப் பாரதிதாசன் பாட்டே எழுதிவிட்டார். கமலைக்கும் மின்மோட்டார் வந்தது, அது மின்சாரம் வரும் நேரத்துக்கு ஓடியது.

கோழி மட்டும் குறையவில்லை, முன்னெப்போதையும்விடப் பெருகியிருக்கிறது. நாமக்கல் பகுதியின் பண்ணைகள் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தருகின்றன. முட்டையிடச் சேவல் துணை தேவையில்லை என்பதால் அந்தக் கொட்டகைகளில் சேவலே கிடையாது. அந்த இனத்தின் ஆண் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே கழிக்கப்பட்டுவிடும். பெட்டைகளுக்கு நாளுக்குச் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி விளக்கு எரிப்பார்கள், அவற்றின் உடற்கடிகாரத்தை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் கடைக்கு வந்துவிடும். சேவல் ஒன்று ஒழுங்காகக் கூவத் தொடங்க நான்கு மாதம் ஆகும். இன்று பிறக்கும் சேவல்களில் பெரும்பாலானவை ஒருமுறைகூடக் கூவுவதில்லை.